806-ஆம் துளைக்கு அறுபது மூட்டை சிமெண்ட்

லிபெச்சின்
4 மே 1998

அன்புள்ள மச்சானுக்கு,

தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். மூன்று முறை பார்த்துவிட்டேன். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது, உறையையாவது கிழித்தாக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நீ ஊரை விட்டுப் போய் ஏழு வருடம். பிளாஷெனாவை அடக்கம் செய்த அன்று வந்தாய், கடைசி வரிசையில் நின்றாய், சாப்பாட்டுக்கு உட்காராமல் ரயிலேறிவிட்டாய். என் மனைவி, உன் சொந்தத் தங்கை. இரண்டு வருடமாக அது என்னை உறுத்துகிறது. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது இல்லை.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள், உனக்குத் தெரியும். யுரேனியத்தைக் கரைத்தெடுக்க நாம் துளை போட்டு இறக்கிய அமிலம் கீழ்ப் பாறையிலேயே கிடக்கிறது. கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும். மேல் பாறைக்கு ஏறி வருகிறதே, அதுதான் பிரச்சினை. ஊர் குடிப்பது மேல் பாறைத் தண்ணீரை. ஊர்க் கிணற்றில் அந்த அமிலம் விட்டுப்போகிற சல்பேட் இப்போது லிட்டருக்கு 172 மில்லிகிராம். போன வருடம் 120 இருந்தது. 250-ஐத் தொட்டால் குழாயை மூடிவிட்டு லாரித் தண்ணீர் என்கிறார்கள். நூற்று நாற்பது வீடு. லாரித் தண்ணீரை நம்பி எந்த இளசு இங்கே குடியிருக்கும்?

சுத்தம் செய்கிற வேலையில் என்னையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொறியாளர் ஹெத்விகா என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும். காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் இந்த வருடம் ஆறு கிணறு போட்டு, ஏறி வருகிற அமிலத் தண்ணீரை வழியிலேயே மடக்கி இறைத்துச் சுத்திகரிக்கப் போகிறாள். எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. காட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் துளை. எந்தத் துளையில் இரும்புக் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் குறைந்ததோ அந்தச் சந்து வழியாகத்தான் ஏறுகிறது. முதல் கிணற்றைக் குத்துமதிப்பாகப் போட்டோம். தண்ணீர் பன்னீர் போல வந்தது, அமிலமே இல்லை. வீண்.

எந்தத் துளை என்று உனக்குத் தெரியும். சிமெண்ட் பம்ப்பில் நின்றவன் நீ. பழையதைக் கிளற எனக்கு ஆசையில்லை. எண்களை மட்டும் எழுதி அனுப்பு.

உன் மாப்பிள்ளை
லுத்விக்


போலெஹ்ராட், மோராவியா
19 மே 1998

மதிப்பிற்குரிய திரு. லுத்விக் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் மகள் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறாள், நான் வீட்டில் சும்மா இருக்கிறேன், அதனால் பதில் எழுத நேரம் இருக்கிறது. வேறு காரணம் இல்லை.

பழையதைக் கிளற உங்களுக்கு ஆசையில்லை. எனக்கு உண்டு. 1991-இல் ஷிமெக்கின் பீர்க்கடையில் நடந்த ஊர்க் கூட்டம் உங்களுக்கு மறந்திருக்கலாம். ஊர்த் தலைவர் கேட்டார்: "துளைக்குப் போக வேண்டிய சிமெண்ட் எங்கய்யா போச்சு? யாருக்காவது தெரியுமா?" தொண்ணூறு பேர் அவரவர் பீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நீங்கள்தான் எழுந்தீர்கள். "பம்ப்புல நின்னது எங்க மச்சான். அவரைக் கேளுங்க. நான் வெறும் எழுதுறவன்" என்றீர்கள். பக்கத்தில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என் கதவில் 'திருடன்' என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது. எழுதியவனின் வார இறுதிக் குடிசையே அந்தச் சிமெண்ட்டில்தான் நிற்கிறது. "அரசாங்கத்துக்கிட்ட திருடாதவன் தன் வீட்டுலயே திருடுறான்" என்று சிமெண்ட் எடுத்த காலத்தில் ஊரே சொல்லிச் சிரித்தது. ஆட்சி மாறியதும் எல்லாரும் உத்தமர்கள், நான் மட்டும் திருடன்.

ஆமாம், பம்ப்பில் நின்றேன். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் பதிவேட்டில் 'சிமெண்ட் முழுமையாக இறக்கப்பட்டது' என்று முத்து முத்தாக எழுதியது யார்? அந்தப் பதிவேட்டையே கேளுங்கள். இல்லையென்றால் அதே பீர்க்கடையில், அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று உங்கள் பங்கைச் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எந்த எண்ணும் ஞாபகம் இல்லை. வயது அறுபத்து மூன்று.

இப்படிக்கு
ராடோவான்


லிபெச்சின்
8 ஜூன் 1998

மச்சான்,

'நீங்கள்', 'அவர்களுக்கு' எல்லாம் எதற்கு? இருபது வருடம் ஒரே ஷிப்டில், ஒரே பாத்திரத்தில் சூப் குடித்தவர்கள் நாம். சரி, உன் கோபம் உன்னுடையது.

இரண்டாவது கிணறும் வீண். சல்பேட் 185.

நீ சொல்கிறபடி எழுந்து நிற்பது அவ்வளவு சுலபமா? ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அந்தப் பெண் என் பழைய பதிவேடுகளை வேதம் மாதிரி கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். "உங்க கையெழுத்து எவ்வளவு தெளிவா இருக்கு சார்" என்று வேறு சொல்கிறாள். அப்போது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன். எழுதினேன், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மூட்டையைக்கூடத் தொட்டதில்லை. எங்கள் வீட்டுச் சிமெண்ட்டுக்குப் பிளாஷெனா கிடங்குக்காரனுக்கு இரண்டு வாத்து கொடுத்தாள், ஊருக்கே தெரியும். எனக்கும் திருடனுக்கும் வித்தியாசம் உண்டு.

இன்னொன்று. நேற்று சாப்பிடும்போது நினைவுக்கு வந்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். உன் காளான் நோட்டு. துளைக்கு அறுபது மூட்டையையும் இறக்கினால் வேலை சாயங்காலம் வரை இழுக்கும். நாற்பதோடு நிறுத்திவிட்டு மீதியை லாரியில் ஏற்றி அனுப்பினால் மதியமே முடிந்துவிடும். மதியம் முடிந்த நாளெல்லாம் நீ கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தத் துளையைச் சுற்றியே காட்டுக்குள் போவாய். எங்கே எவ்வளவு கிடைத்தது என்று, பக்கத்துத் துளையின் எண்ணை அடையாளமாக வைத்து எழுதுவாய். ஞாயிற்றுக்கிழமை எழுதியது வெறும் காளான். வேலை நாளில் எழுதியதெல்லாம் ஓட்டைத் துளை.

உனக்கு எதுவும் ஞாபகம் இருக்க வேண்டாம். நோட்டை அனுப்பு.

லுத்விக்


போலெஹ்ராட்
20 ஜூன் 1998

திரு. லுத்விக் அவர்களுக்கு,

காளான் நோட்டைக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இருபத்தாறு வருடத்து இடங்கள் அதில் இருக்கின்றன. பெற்ற மகளுக்கே காட்டவில்லை. சாகும்போதுகூடச் சொல்லாமல் போன என் அப்பாவின் இடங்கள் நான்கு, நானாகக் கண்டுபிடித்தவை, அதில் இருக்கின்றன. ஒருவனிடம் அவன் மனைவியைக் கேட்டாலும் கேட்கலாம், காளான் இடத்தைக் கேட்கலாமா?

இருந்தாலும் உங்கள் மூளை வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நோட்டை எடுத்துப் புரட்டினேன். 'செப்டம்பர் 11, செவ்வாய். 412-க்குக் கிழக்கே முப்பது அடி, பிர்ச் மரத்தடி, தடித்தண்டுக் காளான் பதினான்கு, புழு இல்லை.' செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு நான் பிர்ச் மரத்தடியில் மண்டியிட்டிருந்தேன், நீங்கள் 'முழுமையாக' என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். இப்படிப் பதினேழு நாள் இருக்கிறது.

படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அன்றைக்குத் துளைகளைக் காளானுக்கு அடையாளமாகத்தான் பார்த்தேன். கீழே என்ன இருக்கிறது என்று நினைத்ததே இல்லை.

ஆனால் என் நிபந்தனை மாறவில்லை. பீர்க்கடை, அதே ஆட்கள். பிறகு நோட்டு.

ராடோவான்


லிபெச்சின்
13 ஜூலை 1998

மச்சான்,

சொல்லிவிட்டேன். முதலில் ஹெத்விகாவிடம்.

"மேடம், அந்தப் பதிவேட்ட நம்பாதீங்க."

"ஏன் சார்? உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னுதுதான். விஷயம் பொய். சிமெண்ட் லாரி திரும்பிப் போறதக் கண்ணால பாத்துட்டு, உள்ள போயி 'முழுமையாக'ன்னு எழுதுவேன். எந்தெந்தத் துளைன்னு எண் ஞாபகம் இல்ல."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "ரெண்டு கிணறு வீணாகுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் இனி நான் எழுதுகிற ஒவ்வொரு பக்கத்திலும் இன்னொருவன் கையெழுத்தும் வேண்டும். என் மகன் வயதுப் பையனிடம் நோட்டை நீட்டுகிறேன், அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து போடுகிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு இது குறைச்சல்தான்.

பிறகு சனிக்கிழமை, ஷிமெக்கின் கடை. கால்பந்து முடிந்து கூட்டம் நிறைந்திருந்தது. எழுந்து சொன்னேன். எட்டு வாக்கியம், எண்ணி வைத்திருந்தேன். கடைசி வாக்கியம்: "எங்க மச்சானைக் காட்டிக் கொடுத்துட்டு நான் ஒளிஞ்சுக்கிட்டேன்."

பிறகு மூலையிலிருந்து தபால்காரர் வாவ்ரா, "உட்காருப்பா. என் கோழிக்கூடு பூரா அந்தச் சிமெண்ட்தான்" என்றார். அவர் மனைவி, "கோழிக்கூடு மட்டுமா? குளியலறைய யாரு சொல்றது?" என்றாள். அதன் பிறகு ஏலம் கேட்பது மாதிரி ஆகிவிட்டது. ஒருவன் படிக்கட்டு, ஒருவன் நீச்சல் தொட்டி. உன் கதவில் சுண்ணாம்பால் எழுதியவனும் எழுந்தான், பேர் சொல்லமாட்டேன், அழுதான். பீரும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

சல்பேட் 198. ஹெத்விகா சொல்லச் சொன்னாள்: "அடுத்த வாரம் நோட்டு வரலைன்னா நானே மோராவியாவுக்கு வந்து உங்க மச்சான் வீட்டு வாசல்ல உட்காருவேன்."

லுத்விக்


போலெஹ்ராட்
18 ஜூலை 1998

மாப்பிள்ளை,

வாவ்ராவின் மனைவி உன்னை முந்திக்கொண்டாள். உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள், எட்டு வாக்கியத்தையும். நீ உட்காரும்போது நாற்காலி தவறிவிட்டது என்றும் சொன்னாள். அதை நீ எழுதவில்லை. பதிவேட்டுப் புத்தி போகவில்லை உனக்கு.

நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சிமெண்ட் குறைந்த 1979, 1980 பக்கங்களை மட்டும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பக்கங்களைத் திறந்தால் எனக்குத் தெரிந்துவிடும், எப்படி என்று கேட்காதே. அந்தப் பெண்ணுக்கும் சொல். 412-இன் பிர்ச் மரத்தடி இனி உன்னுடையது, எடுத்துக்கொள். அமிலம் குடித்த இடத்தில் நான் பறிக்கப் போவதில்லை.

ராடோவான்


லிபெச்சின்
2 நவம்பர் 1998

அன்புள்ள மச்சானுக்கு,

இன்று கல்லறையில் விளக்கேற்றிவிட்டு வருகிறேன். ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. பிளாஷெனாவுக்கு உன் பேரிலும் ஒன்று வைத்தேன்.

உன் நோட்டு பொய் சொல்லவில்லை. பதினேழில் பதினான்கு துளை வரைபடத்தில் மேற்கே மூன்று கொத்தாக விழுந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் ஊர்ப்பக்கமாக ஒரு கிணறு போட்டோம். மூன்றிலும் மஞ்சளாகப் புளித்த தண்ணீர் ஏறியது. ஹெத்விகா ஒரு துளியை லிட்மஸ் தாளில் தொட்டுப் பார்த்துவிட்டு, சிவந்த தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குதித்தாள். விஷத்தைக் கண்டு இப்படிச் சந்தோஷப்படுகிற ஆட்களை நான் பார்த்ததில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். மூன்று பம்ப்பும் நிற்காமல் ஓடுகிறது.

மேற்குப் பக்கத்தில் எல்லா அளவும் இறங்குகிறது. ஆனால் ஊர்க் கிணற்றில் 221. கிழக்கிலிருந்து இன்னொன்று வருகிறது, அது எது என்று தெரியவில்லை. உன் நோட்டில் கிழக்குப் பக்கம் வேலை நாளில் ஒரு காளான்கூட இல்லை. பதிவேடு எல்லாத் துளைக்கும் ஒரே 'முழுமையாக'தான் சொல்கிறது. நான் மனமறிந்து பொய் எழுதியதும் அந்தப் பக்கம் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆறில் ஒரு கிணறுதான் மிச்சம். நிலம் உறைவதற்குள் போட வேண்டும். இதையும் தவறான இடத்தில் போட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் 250 தாண்டிவிடும். யோசித்துப் பார். அந்த வருடங்களில் கிழக்கே என்ன நடந்தது?

லுத்விக்


போலெஹ்ராட்
14 நவம்பர் 1998

லுத்விக்,

நான்கு நாள் இந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

806. கிழக்கே, ஊர்ப் பாதையோரம், பழைய சுண்ணாம்புக் காளவாய்க்குப் பின்னால். 1980 மார்ச். நோட்டில் இருக்காது, மார்ச்சில் காளான் கிடையாது.

அதில் இருபது மூட்டை குறையவில்லை. அறுபதும் குறைந்தது. அன்று குழாயைச் சுற்றி இறங்கியது வெறும் களிமண் சேறு. நீ சந்தேகப்பட வழியில்லை. குழம்பு போவதைப் பார்த்தாய், லாரி காலியாகத் திரும்புவதைப் பார்த்தாய், நம்பி எழுதினாய். லாரி வரும் வழியிலேயே காலியாகிவிட்டது.

எங்கே காலியானது என்று கேட்பாய். உன் வீட்டு மனையில்.

அப்போது நீங்கள் இருந்த அறை ஞாபகம் இருக்கிறதா? சுவரெல்லாம் பூஞ்சை. குழந்தை ராத்திரி முழுக்க இருமும். வீடு கட்ட அனுமதி வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது, கடையில் சிமெண்ட் இல்லை. நீயோ மூட்டையைத் தொடமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாய். பிளாஷெனா என்னிடம் வந்தாள். "அண்ணே, அஸ்திவாரத்துக்கு மட்டும் போதும். அவருக்குத் தெரிஞ்சா செத்துருவாரு. கிடங்குக்காரனுக்கு வாத்து குடுத்தேன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். அந்த இரண்டு வாத்தையும் நானும் அவளுமாகத்தான் சாப்பிட்டோம். அது உனக்குத் தெரியாமல் போனதில் மட்டும் எனக்கு ரொம்ப நாள் ஒரு சந்தோஷம் இருந்தது.

பீர்க்கடையில் நீ என்னைக் கை காட்டியபோது, 'உன் வீடே அந்தச் சிமெண்ட்தான்' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அடக்கத்தன்று உன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தால் அங்கே வைத்துச் சொல்லியிருப்பேன், அதனால்தான் ரயிலேறினேன்.

உன்மேல் கோபமாக இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இருக்கிறதிலேயே பெரிய ஓட்டையை ஊருக்கு மிகப் பக்கத்தில் போட்டவன் நான் என்பதை அந்தக் கோபத்தை வைத்து மூடிவைத்திருந்தேன். நீ ஜூலையில் எழுந்து நின்றாய். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

கடைசிக் கிணற்றை 806-க்கும் ஊருக்கும் நடுவில் போடு. இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

ராடோவான்


லிபெச்சின்
6 ஏப்ரல் 1999

அன்புள்ள மச்சானுக்கு,

ஐந்து மாதம் எழுதவில்லை. எண்ணை மட்டும் அன்றைக்கே ஹெத்விகாவிடம் கொடுத்துவிட்டேன், அதில் தாமதம் இல்லை. கடிதம் எழுதத்தான் முடியவில்லை.

முதலில் உன்மேல் கோபம். பிறகு பிளாஷெனாமேல். செத்துப்போனவளிடம் சண்டை போடுவது கஷ்டம், பதிலே வராது. கல்லறையில் போய் நின்று, "என்னை முட்டாளாக்கிட்டியேடி" என்றேன். பக்கத்தில் பூ வைக்க வந்தவர்கள் நகர்ந்து போனார்கள். கடைசியில் என்மேல்தான் வந்து நின்றது. நான் அப்படி நெஞ்சை நிமிர்த்தாமல் இருந்திருந்தால் அவள் என்னிடமே கேட்டிருப்பாள். பூஞ்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டே நானும் தினமும்தான் தூங்கினேன்.

டிசம்பர் 4-ஆம் தேதி, மைனஸ் ஆறு டிகிரியில், கடைசிக் கிணற்றை இறக்கினோம். தண்ணீர் ஏறியதும் ஹெத்விகா குதிக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுதான் சார், இதுதான்" என்றாள். குளிர்காலம் முழுக்க அந்தப் பம்ப்பை ஒரு நாளும் நிறுத்தவில்லை. குழாய் உறையாமல் இருக்க வைக்கோல் சுற்றினோம், வாவ்ரா தன் வீட்டுக் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினார்.

ஊர்க் கிணறு ஜனவரியில் 234 வரை போனது. பிப்ரவரியில் அங்கேயே நின்றது. மார்ச்சில் 226. நேற்று 209. கீழ்ப் பாறை சுத்தமாக இன்னும் முப்பது வருடம் ஆகுமாம், நீயும் நானும் பார்க்கப்போவதில்லை. ஆனால் குழாயை மூடவில்லை. மூடவும் மாட்டார்கள். ஷிமெக்கின் மகள் புருஷனோடு ப்ராகிலிருந்து திரும்பி வந்து பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கியிருக்கிறாள். கைக்குழந்தை இருக்கிறது.

வீட்டு விஷயத்தையும் பீர்க்கடையில் சொன்னேன். பிளாஷெனாவை விட்டுக்கொடுக்காமல் சொன்னேன்: "அது என் வீடு. அதுல படுத்துத் தூங்கினவன் நான்." இரண்டு வாத்தையும் அண்ணனும் தங்கையுமாகத் தின்றதைச் சொன்னபோது கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அன்றைக்குத்தான் முதல் தடவை.

இப்போது வேலை. இறைத்தால் மட்டும் போதாது, 806-ஐ அடியிலிருந்து அடைக்க வேண்டும் என்கிறாள் ஹெத்விகா. பழைய குழாயில் ஓட்டை போட்டு, வெளிப்பக்கமும் நிறையும்படி சிமெண்ட் இறக்க வேண்டும். அறுபது மூட்டை வந்து இறங்கிவிட்டது. ஏப்ரல் 22, வியாழக்கிழமை. "பழைய பம்ப்புல பழகின கை யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள். இருக்கிறார், ஆனால் வருவாரா தெரியாது என்றேன்.

மாடியறையில் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன்.

உன் மாப்பிள்ளை
லுத்விக்


போலெஹ்ராட்
12 ஏப்ரல் 1999

மாப்பிள்ளை,

21-ஆம் தேதி, புதன்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். சாப்பிட உட்காருவேன், நிறையச் சமை.

ஆனால் பம்ப்பில் நான் நிற்கமாட்டேன். எப்படி ஓட்டுவது என்று காட்டித் தருகிறேன், இந்தத் தடவை நீ நில். பதிவேட்டை நான் எழுதுகிறேன்.

ராடோவான்